உள்ளேன் அம்மா

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் நலம்தானே என்று எழுதிவிட்டு எப்போதும் அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை அதைக் கேள்வியாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். நீ என் வகுப்பில் படித்த வருடம் ஒருநாள் என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? பேர் கூப்பிடும்போது, வராத பையனுக்காகப் பக்கத்தில் இருக்கிறவன் குரலை மாற்றி உள்ளேன் அம்மா என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்றாய். தலையைத் தூக்கிப் பார்ப்பேன், அவ்வளவுதான் என்றேன். இதென்ன பெரிய வித்தையா என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாய்.

அப்பாவின் கை நடுக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிந்தாமல் இருக்கட்டும் என்று டம்ளரை முக்கால்தான் நிரப்பிக் கொடுக்கிறேன், அதற்கு என்னைக் கஞ்சப்பிசினாரி என்கிறார். அக்கா குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கிடைத்தவர்களை எல்லாம் கடித்து வைக்கிறதாம். நீ அக்காவுக்கும் நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி என்றுதான் அனுப்புகிறாயாம். எனக்கு வருவதும் அதே எழுத்துதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உன் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதைப் பிரிக்கவாவது ஒரு கை வேண்டுமே.

உன் முகம் அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று நீ அனுப்பினாயே, கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வயரைச் சொருகினால் ஓடும் இரண்டாவது திரை, அது திடீரென்று இருண்டு போனது. முதலில் விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். அப்டேட் போட்டேன், அணைத்து மறுபடி ஆன் செய்தேன், கட்டளை அடிக்க நீ சொல்லிக்கொடுத்த கறுப்புப் பெட்டியில், சொருகியிருப்பதை எல்லாம் பட்டியல் போடும் எல்எஸ்யூஎஸ்பி என்பதை அடித்தேன். வகுப்பில் வருகை எடுப்பது போல மவுஸ், கீபோர்டு, கேமரா என்று வரிசையாகப் பேர் வந்தது, கடைசியில் திரையின் பேரும் வந்தது. செட்டிங்ஸில் திரைக்கு ஒன்றாக, ஒன்று, இரண்டு என்று இரண்டு கட்டங்களும் ஒழுங்காக நிற்கின்றன. மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி விளிம்பைத் தாண்டி அந்த இருட்டுக்குள் போய்விடுகிறது, அங்கே எங்கே சுற்றுகிறதோ தெரியாது, இழுத்தால் திரும்பி வருகிறது. கேட்ட இடத்தில் எல்லாம் உள்ளேன் உள்ளேன் என்று பதில், பெஞ்சில் மட்டும் ஆளைக் காணோம். அப்பா அதற்கு மௌனசாமி என்று பேர் வைத்து, சாமி இன்னைக்காவது வாயைத் திறக்குமா என்று போகிறபோதும் வருகிறபோதும் கேட்பார்.

செவ்வாய் மதியம் சாமி வாயைத் திறந்தது. நீ வீடியோவில் கூப்பிட்டால் யாரும் தொடாமலே அந்தத் திரையில் திறந்துகொள்ளும்படி நீதானே செய்துவைத்தாய், அப்பாவின் கைக்காக. கேமரா விளக்கு தானே எரிந்தது, முதல் திரையில் எதுவும் இல்லை, இருட்டுத் திரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் வந்தது. நம் வீட்டுக் குழாய்தான் என்று நினைத்துப் போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன். சொட்டு நிற்கவில்லை. அப்பா, சின்னவன் வந்துட்டான் பாரு என்றார். நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதிலுக்கு உள்ளே ஒரு கட்டில் மட்டும் ஒருமுறை கிரீச்சிட்டது. அந்த விண்டோவை இந்தப் பக்கம் இழுக்கலாம் என்றால், எதைப் பிடித்து இழுப்பது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே. காலையில் லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இணையப் பக்கத்தில் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் திரை இருட்டாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், படம் உள்ளே இருக்கலாம், பின்னால் எரியும் விளக்கு மட்டும் போயிருக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தேன். கண்ணாடிக்குள் சாம்பல் பூத்தாற்போல் உன் அறை இருந்தது. வெளிச்சம் விழுகிற வட்டம்தான் தெரியும், நகர்த்தினால் முன்பு பார்த்த இடம் இருண்டுவிடும். நீ உட்கார்ந்து வேலை செய்வதாகச் சொல்கிற நாற்காலி, அதன்மேல் தோள் உயரத்துக்குத் துணி. பின்னால் கட்டில். கால். போர்வை. சுவரைப் பார்த்து ஒருக்களித்த தோள். தலை இருக்க வேண்டிய இடத்துக்கு டார்ச்சைக் கொண்டுபோனபோது உள்ளிருந்து ஒரு கை வந்து போர்வையை இன்னும் மேலே இழுத்து மூடிக்கொண்டது. அப்பா டேய் என்று கத்தினார். கேமரா விளக்கு அணைந்தது, சொட்டும் நின்றது.

கூப்பிட்டாயா என்று உனக்கு அனுப்பினேன். ஆபீஸ்ல இருக்கேன்மா, நான் கூப்பிடலையே, நல்லா இருக்கேன் என்று உடனே பதில் போட்டாய். அப்பா, மெஷின் ஏதோ உளறுது, விடு என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மௌனசாமி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தத் திரையைப் பார்த்தபடியே உட்காருகிறார்.

திரையைச் சரிசெய்துவிட்டேன். லினக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம். ஒரு ஓட்டையில் நாலு வயரைச் சொருகுகிற டப்பா வழியாகப் போட்டிருந்தேன், விளக்குக்குக் கரண்ட் போதவில்லை. திரைக்கு இன்னொரு வயர் கொடுத்துச் சுவரில் சொருகியதும் பளிச்சென்று வந்தது. இத்தனை நாளும் படம் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, விளக்குக்குத்தான் தெம்பில்லை. அதைப் பார்த்து நான் என்ன நினைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். வேலை போயிருந்தால் போகட்டும். உடம்போ மனசோ சரியில்லை என்றால் அதையும் எங்களிடம்தானே சொல்ல வேண்டும். கூப்பிட்டுவிட்டு, பேச முடியாமல் போய்ப் படுத்துக்கொண்டாயோ? கட்டிலில் இருந்தது நீ இல்லை என்றால், அங்கே யாரப்பா?

உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் கிடைக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். குழாய்க்கு ஒரு வாஷர் மாற்று, மறக்காதே. உள்ளேன் அம்மா என்று இனி எழுதி அனுப்ப வேண்டாம், நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். இதைப் படித்து முடித்ததும் நாற்காலியில் இருக்கிற துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிடு.

இங்கே திரைக்கு முன்னால் இருக்கும்,
உன் அம்மா