நீ கேட்ட விதித்தாளை அனுப்பவில்லை

ஞாயிறு, நவம்பர் 24

அன்புள்ள கிர்ஸ்டன்,

உன் கடிதம் விமானத் தபாலில் ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது. அலாஸ்காவில் இப்போதே முழங்கால் வரைக்கும் பனி என்று எழுதியிருக்கிறாய், காலுக்குச் சூடாகப் போட்டுக்கொள், நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளை ஊர் முழுக்கத் தானம் பண்ணிவிடாதே. இங்கே உன் அப்பா சுகம், முழங்கால் வலிக்கவில்லை வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி வாசலில் பனி தள்ளுகிறார். நாயும் சுகம். நானும் சுகம் என்று எழுத மூன்று தடவை ஆரம்பித்தேன், கை வரவில்லை. ஜனவரியில் உன் முதல் ஆங்கில வகுப்பை எடுக்கப்போகிறாய், உன் வகுப்பு விதித்தாளை அனுப்பும்மா, அதையே நானும் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் கேட்டிருந்தால் பெருமை தாங்காமல் அன்றைக்கே தபாலில் சேர்த்திருப்பேன். இப்போது அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தாள் உனக்குத் தெரியாததா. பதினொன்றாம் வகுப்பில் நீயும் அதில் கையெழுத்துப் போட்டு, அப்பாவிடமும் வாங்கி என் மேஜையில் வைத்தாய், அன்று சாயங்காலம் வீட்டில், நீ அம்மாவா இல்ல போலீஸான்னு ஒண்ணு சொல்லிடு என்று கேட்டாய். நான்கு பக்கம். தாமதமாக வரும் கட்டுரைக்கு நாளுக்குப் பத்து மார்க் வெட்டு, காரணம் கேட்க மாட்டேன். எழுபத்தொன்பதரை வந்தாலும் அதை எண்பதாக்க மாட்டேன். கழிவறைக்குப் போக ஒரு காலாண்டுக்கு மூன்று மஞ்சள் சீட்டு, செலவழிக்காமல் கடைசியில் திருப்பிக் கொடுத்தால் சீட்டுக்கு இரண்டு மார்க் கூடுதல். இந்தக் கடைசி விதி என் சொந்த மூளையில் உதித்தது என்று இத்தனை வருஷமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே போய்ச் சுற்றுவது நின்றது, தலைமையாசிரியர் பாராட்டினார், என்னைப் பார்த்து இன்னும் நான்கு ஆசிரியர்கள் அதே சீட்டை அச்சடித்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியதில் எனக்குக் கிடைத்த பேர் அந்தச் சீட்டால் வந்தது என்றால் பொய்யில்லை.

இந்த வருஷம் மூன்றாம் பீரியடில் யாரெட்ஸி இபார்ரா என்று ஒரு பெண். பதினாறு வயது, அம்மா கிராசியேலாவுக்கு வான்கோழி ஆலையில் வேலை. அடுத்த பருவத்தில் கல்லூரிப் பாடம் ஒன்றை இங்கே பள்ளியிலேயே படிக்க ஆங்கிலத்தில் எண்பது மார்க் வேண்டும், அதற்காக உயிரைக் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் கடைசியில் கட்டுரையை இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள், எந்நேரமும் தூக்கமா வருது டீச்சர், ஏன்னே தெரியல என்றாள். எல்லாருக்கும்தான் வருது என்று சொல்லி இருபது மார்க்கை வெட்டினேன். அக்டோபரில் ஒருநாள் எல்லாரும் அமைதியாக வாசித்துக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு வந்து, காதோடு, போயிட்டு வரட்டுமா டீச்சர் என்று கேட்டாள். நான் வகுப்புக்கே கேட்கும்படி, தாராளமா போ, சீட்டைக் குடுத்துட்டுப் போ, அப்புறம் ரெண்டு மார்க் குறையுது டீச்சர்னு என்கிட்ட வந்து அழக் கூடாது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள். பொறுப்பான பெண் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, கிர்ஸ்டன்.

அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. தாகமும் அடிக்கடி போக வேண்டியிருப்பதும்தான் அந்த நோய் சொல்லும் முதல் செய்தியாம். போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிப்பதில்லை. அவளுடைய சிநேகிதி என்னிடம் வந்து, நாக்கு ஒட்டிக்கிட்டு பேசவே கஷ்டப்படுவா டீச்சர், ஒரு வாய் குடிடின்னா, அஞ்சு கிளாஸ்ல சீட்டு கேக்கறாங்க நான் எங்கடி போவேன்னு சொல்லுவா என்றாள். அக்டோபர் முப்பதாம் தேதி என் வகுப்பில், வாசிக்க எழுந்தவள் இரண்டு வரி வாசித்தாள், மூன்றாவது வரியில் மேஜையைப் பிடித்தாள், விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் மினியாபொலிஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளை வீங்கிவிட்டது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் ஊசி போடக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். அவள் விட்டுப்போன நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: எழுபத்து நான்கு, கூட்டல் ஆறு, எண்பது. அடியில் இரண்டு கோடு.

உன் அப்பா, நோயை நீயா குடுத்த லோர்னா, கொஞ்சம் சாப்பிடு என்கிறார். நோயை நான் கொடுக்கவில்லைதான். ஆனால் அவள் ஒரு பீரியடுக்கு நான்கு தடவை எழுந்து போயிருந்தால் எந்த மக்கு டீச்சருக்கும் சந்தேகம் வந்திருக்கும், நானே கையைப் பிடித்து நர்ஸிடம் கூட்டிப்போயிருப்பேன். எழுந்து போகாமல் இருப்பதற்கு நான் விலை வைத்துவிட்டேன். தலைமையாசிரியர் வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்து, உன் மேல தப்பே இல்ல லோர்னா, எல்லாம் தாள்ல இருக்கு, அந்தப் பொண்ணோட அம்மா கையெழுத்தும் இருக்கு, நீ மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாத, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றால், இப்ப விட்டா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் என்கிறார். சர்ச்சிலிருந்து பெண்கள் நூடுல்ஸும் காளானும் போட்டு வேகவைத்த பாத்திரங்களாகக் கொண்டுவந்து நம் சமையலறையில் அடுக்கிவிட்டார்கள், பாவம் உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் தோளைத் தட்டினார்கள். கிராசியேலா வீட்டுக்கு யாராவது ஒரு பாத்திரம் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன். ஒருத்தி கிளம்புவதற்காகக் கையுறையை மாட்ட ஆரம்பித்தாள். நான் வகுப்பில் அந்த விதியை எடுத்துவிட்டேன், சீட்டெல்லாம் குப்பையில் போட்டேன், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்காமல் போகலாம் என்று சொன்னேன். இன்று வரைக்கும் ஒரு பிள்ளை எழவில்லை. ஐம்பது நிமிஷமும் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார்கள்.

நேற்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மினியாபொலிஸுக்குப் போனேன். நான்காவது மாடி. திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போனேன். கிராசியேலா எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றித் திருநாள் வருகிறது, ஆலையில் வான்கோழி மலைபோல் குவிந்துகிடக்கிறது, மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை, அந்த வேலை இனி இருக்குமோ என்னவோ. தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அவள் சொன்னது இதுதான்: அந்த பேப்பர்ல என்ன இருக்குன்னு நான் படிக்கவே இல்ல டீச்சர், சும்மா ஸ்கூல் பேப்பர்மா போடுன்னு பாப்பா சொன்னா, போட்டுட்டேன், தப்பு என்னோடதுதான், என்னை மன்னிச்சிருங்க. என்னிடம், கிர்ஸ்டன். நான் வக்கீலையும் தலைமையாசிரியரையும் மறந்து, நீங்க இல்ல, நான்தான், நான்தான் என்று உளறினேன், என் இங்கிலீஷ் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. யாரெட்ஸிக்கு நினைவு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இடது கையும் காலும் அசைவதில்லை, பேச்சும் அவ்வளவாக இல்லை, ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் கிடைக்காமல் தேடுகிறாள். இதற்குமேல் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். நான் கட்டில் பக்கம் போனதும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வலது கையை மெதுவாகத் தூக்கினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று அம்மா டம்ளரை எடுத்துவந்தாள், அதற்கில்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது, அவள் எங்கேயும் எழுந்து போக வேண்டியதே இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, போயிட்டு, வந்தா, மார்க், குறையுமா, டீச்சர் என்று கேட்டாள். குறையாதும்மா, குறையவே குறையாது என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கையை இறக்கவில்லை.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. உன் அத்தை வியாழக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், நான் போகப்போவதில்லை, அப்பா போவார். வேளைக்குச் சாப்பிடு, தனியாக ஆற்றின்மேல் நடக்காதே, பனி கெட்டிப்பட்டதா என்று ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுக் கால் வை. உடம்புக்கு ஒன்று என்றால் பள்ளிக்கூடம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு முதல் விமானத்தைப் பிடி. உன் வகுப்பும் நீயும் நன்றாக இருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் அதற்குத்தான். ஒரு பிள்ளை உன் மேஜைக்கு வந்து காதோடு ஏதாவது கேட்டால், பதிலை நீயும் காதோடு சொல்.

உன் அம்மா,
லோர்னா ஹாகன்