தேருக்கு நிறுத்திய புகை

ஆடி 11, ஞாயிறு
காலையிலிருந்து பேய்க்காற்று. காயப்போட்ட பாவாடை பக்கத்து வீட்டு முருங்கையில். நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர். அது முடியும்வரை ஊருக்குள் புகை வரக்கூடாதென்று குப்பை எரிக்கும் உலையை நிறுத்திவிட்டார்கள். உலை ஆபரேட்டர் என் வீட்டுக்காரர், இவர்தான்; அதனால் வீட்டில் இருப்பு. இருந்து? டிவி. ஒரு வெங்காயம் உரிக்கவில்லை.
பாப்பா இருமாமல் தூங்குகிறாள்.
வாங்க: வெல்லம், தீப்பெட்டி, பாப்பாவுக்கு மூச்சுக்கு அடிக்கிற பம்பு.

ஆடி 12, திங்கள்
தேர் பார்த்தோம். கூட்டம் சொல்லி முடியாது. பாப்பா இவர் தோளில். பம்பை வெளியே எடுக்கவேயில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டது: "நீ வேலைக்குப் போகாட்டி எனக்கு மூச்சு நல்லா வருதுப்பா. நாளைக்கும் லீவு போடுதியா?"
இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடி 14, புதன்
உலை பற்றவைத்தாயிற்று. திருவிழாக் குப்பை அத்தனையும் சாரலில் நனைந்து கிடக்கிறதாம். ஈரத்தைப் போட்டால் சூடு ஏறாது, கரும்புகைதான். காயவைக்க இவர் அவகாசம் கேட்டாராம். காண்ட்ராக்டர், "ஏலாதுன்னா சொல்லு, ஆளுக்கா பஞ்சம்" என்றாராம்.
மேற்குக் காற்று நேரே நம் வீட்டுக்கு. ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி. உள்ளே புழுக்கம், வெளியே பிளாஸ்டிக் நாற்றம். பாப்பா நெஞ்சில் விசில் தொடங்கிவிட்டது. வீட்டை விற்கலாமென்றால் இந்தப் புகைக்குள் எந்த மடையன் வாங்குவான்? இவர் வேலையை விட்டால், முன்பு வேலை பார்த்த மில்லும் மூடிக்கிடக்கிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆடி 16, வெள்ளி
கோவிலுக்குப் போகவில்லை. உலைப் புகை பற்றித் தெருக்காரர்கள் கொடுத்த மனுவுக்கு ஓர் ஆபீசர் விசாரிக்க வந்தார். வீடு வீடாகக் கேட்டு நம் வாசலுக்கும். கூடவே பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா. இவர் வேலை அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என் காதோரம் சொன்னாள்: "ஒம் புள்ளைக்கு மூச்சு இழுக்குதத சொல்லுட்டி. ஒலைக்காரர் வீட்டுலயே இப்படின்னா பொறவு யாரு மறுக்க முடியும்?"
அதைச் சொன்னால் இவர் வேலை அன்றோடு சரி.
வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா என்று ஆபீசர் கேட்டார். இல்லை சார் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினாள்.
கதவைச் சாத்தித் திரும்பினால், அடுப்படி மூலையில் பாப்பா. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டிருக்கிறாள். இப்படிச் செய் என்று சத்தியமாக நான் சொல்லவில்லை.
முகத்தை எடுத்துக் கேட்டாள், "அவக போயிட்டாகளாம்மா?"