இணைப்பு வரவில்லை

டாலிகஞ்ச்
14.11.2005

சௌபாக்கியவதி ரஞ்சனாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அப்பாவும் சௌக்கியம், இந்த வீட்டில் சௌக்கியமில்லாமல் இருந்தது கம்ப்யூட்டர் மட்டும்தான். டொரண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளை அனந்தும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், ஸ்டைல் எல்லாம் மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது என்று போனில் சொன்னேனே, அதற்கு நீ, புது ஹார்ட் டிஸ்க் ஒன்றும் என்க்ளோஷர் ஒன்றும் வாங்கி எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுங்கள் என்று மெயில் போட்டாய். வழக்கம்போல உன் அப்பா, உன் பெண் எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் படித்துக் காட்டினார். என்க்ளோஷர் என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் துறைமுக ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்தவருக்கு என்க்ளோஷர் என்றால் கடிதத்தோடு குண்டூசி குத்தி வருகிற தாள், வேறென்ன? மெயிலை மேலும் கீழும் தள்ளித் தேடினார், பிரிண்ட் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் இருக்குமாம்! கடைசியில் ஒற்றை விரலால் தட்டி அவரே உனக்குப் பதில் போட்டார், தங்கள் மெயிலில் குறிப்பிட்ட இணைப்பு வரவில்லை, உடனே அனுப்பவும் என்று. நீ அலிப்பூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அப்புறம் சொன்னதிலிருந்து இரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாத மனுஷர்! நம்மிடம் ஒப்புதல் கேட்கவில்லை, தகவலுக்காக நகல் மட்டும் அனுப்பியிருக்கிறாள் என்று முறைத்துக்கொண்டிருந்தவர், இணைப்பைக் காணோம் என்றதும் வீறாப்பை மறந்துவிட்டார். அன்புள்ள அப்பா, அது டிஸ்கைப் போட்டு வைக்கிற டப்பா என்று நீ பதில் எழுதினாயே, அதில் 'அன்புள்ள அப்பா'வை மட்டும் தாண்டிவிட்டுப் படித்தார். நான் பின்னால்தான் நின்றிருந்தேன்.

எதிர் ஃப்ளாட் தாரா பௌதி, டப்பாவோடு சேர்ந்தே வருவதை வாங்கிவிடுங்கள் என்றாள். இவர் கேட்பாரா, திறந்து பார்க்க முடியாததை எப்படி நம்புவது என்று மெட்ரோ ஏறி சாந்தினி மார்க்கெட் போய் இரண்டையும் தனித்தனியாக வாங்கி வந்தார். அங்கே என்க்ளோஷரைக் கேஸிங் என்று கேட்டால்தான் புரிகிறதாம். கடைக்காரன் சித்தப்பா முறை கொண்டாடி காக்கு காக்கு என்று குழைந்ததில் மயங்கி, லேப்டாப் டிஸ்குக்கான குட்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என் கல்யாண ரவிக்கைக்குள் நான் நுழையப் பார்த்த மாதிரிதான். மறுநாள் போய்ப் பெரிதாக ஒன்று மாற்றி வந்தார், அலுமினியம், சூடு தங்காதாம், கரண்டுக்குத் தனி அடாப்டர்.

நம் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி பழையது, காலையில் ஆரம்பித்த காப்பி சாயங்காலம் வரை நகர்ந்தது. மனுஷர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படி என்ன சொத்து என்று எட்டிப் பார்த்தேன். ENCL என்று ஒரு ஃபோல்டர், ஆபீஸ் கடிதத்தின் அடியில் இணைப்புக்குப் போடுவார்களே, அதேதான். நீ அனுப்பிய போட்டோக்கள் அத்தனையும், நூற்று அறுபத்து மூன்று, வரிசையாக நம்பர் போட்டு. ஒன்றாம் நம்பர் உன் கல்யாண போட்டோ. அதை அன்றே அழித்துவிட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாரடி! மற்றதெல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை. வந்துவிடு, வந்துவிடு என்று டிஸ்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அவர் ஒரு கவரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார், படிக்கக் கூடாதாம். ஆவி காட்டிப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். 'என்க்ளோஷர் கிடைத்தது. நன்றாக வேலை செய்கிறது. இணைப்பு எண் 1 சிதைந்துவிட்டது. நகல் வேண்டாம். அசல் இருவரும் நேரில் வரவும். அப்பா.' நான் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. டிக்கெட் போட்டதும் அவருக்கே மெயில் போடு. இருவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

அன்புடன்
அம்மா நாகலக்ஷ்மி

இணைப்பு: ஒன்று