விழுந்த பள்ளமா, வெட்டிய பள்ளமா

1946 நவம்பர் 5

சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கி வளைவில் குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைக் குறுக்கே வெட்டியாகிவிட்டது. குழாயைக் காணோம். ஓவர்சியர் என்ற முறையில், முதலில் குழாய் வந்து இறங்கட்டும் என்றேன், கேட்டால்தானே. பஞ்சாயத்து போர்டுத் தலைவர் தாணுலிங்கம் அண்ணாச்சி ஜவுளி வியாபாரி. ஆனால் துணியை அளந்து கிழிக்கிறவருக்கு ரோட்டை மட்டும் கிழித்துவிட்டு அளந்தால் போதும். சிவப்பு விளக்கு கேட்டேன்.

"மண்ணெண்ண ரேஷன்ல வருது தம்பி. வீட்டு வெளக்குக்கே காணல, ஒம்ம பள்ளத்துக்கு வெளக்கா?"

நவம்பர் 8

மழை. பள்ளம் நிரம்பி ரோட்டோடு ரோடாகத் தெரிகிறது. இரண்டு கல் வைத்துவிட்டு வந்தேன். விளக்கு இல்லை.

நவம்பர் 9

ராத்திரி உப்பு வண்டி ஒன்று அதில் இறங்கிவிட்டது. ஓட்டி வந்தவன் பக்கத்து ஊர்ப் புதுக்கோட்டை மாசானம். மூட்டைகள் சரிந்து வலது கால் நசுங்கிவிட்டது. காலையில் நான் போனபோது ஒரு மாடு நுகத்தில் கழுத்து திருகிச் செத்துக் கிடந்தது. உப்பு முழுக்கக் கரைந்திருந்தது.

சாயங்காலம் அங்கே சிவப்பு விளக்கு எரிகிறது. இன்றைக்கு மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்ததாம்?

நவம்பர் 20

மாசானத்தின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

1947 மார்ச் 2

மாசானம் போர்டின் மேல் வழக்குப் போட்டிருக்கிறான். போர்டு வக்கீல் என்னை உட்கார வைத்துச் சட்டம் சொன்னார். ரோட்டில் தானாகப் பள்ளம் விழுந்து, போர்டு அதைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டஈடு கிடையாது. போர்டே வெட்டிவிட்டு, விளக்கு வைக்காமல் விட்டால் உண்டு. அதாவது ஒன்றுமே செய்யாதவன் தப்பித்தான், அரைகுறையாகச் செய்தவன் மாட்டினான். இது என்ன சட்டம்?

"நீங்க வெட்டினது கொஞ்சம் கிழக்கே தள்ளி. வண்டி இறங்கினது மழையில் விழுந்த பள்ளம். இவ்வளவு சொன்னாப் போதும்" என்றார்.

அண்ணாச்சி பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டே, "வேலைய நெனச்சுப் பேசும் தம்பி" என்றார்.

ஆகஸ்ட் 21

ஸ்ரீவைகுண்டம் முன்சீப் கோர்ட். மாசானம் கட்டையை ஊன்றிக் கூண்டில் ஏறினான். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"பள்ளம் விழுந்து கெடந்துது சாமி. தண்ணி நெறஞ்சு ஒண்ணும் தெரியல. வண்டி எறங்கிட்டு."

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். "விழுந்து கிடந்ததா? அப்போ மழையில் விழுந்த பள்ளம்தானே?"

"ஆமா சாமி, நல்ல மழ."

முட்டாள்! தன் வழக்கைத் தானே — இல்லை, அவன் முட்டாள் இல்லை. எங்கள் பேச்சில் எல்லாப் பள்ளமும் விழுந்துதானே கிடக்கிறது? அவன் பெண்டாட்டி பேச்சி பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "வெட்டிப் போட்டாவன்னு சொல்லும்யா! வெட்டிப் போட்டாவ!" டவாலி அதட்டி அவளை வெளியே அனுப்பினான்.

அடுத்து நான். வக்கீல் கண்ணைக் காட்டிவிட்டுக் கேட்டார். "அது விழுந்த பள்ளமா, வெட்டிய பள்ளமா?"

"வெட்டின பள்ளம். கயிறு பிடிச்சு அடையாளம் போட்டதே நான்தான். மழை இவ்வளவு நேரா வெட்டாது."

கோர்ட்டில் சிரித்தார்கள். மாசானம் சிரிக்கவில்லை.

அக்டோபர் 6

மாசானத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. போர்டு நஷ்டஈடு தர வேண்டும்.

நான் ஆபீசுக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி பியூன்களிடம், "ஓவர்சியர் தொர வாராரு, எந்திரிச்சு நில்லுங்கலே" என்றார். வேறு ஓவர்சியர் கிடைத்திருந்தால் இன்றைக்கே என்னை அனுப்பியிருப்பார்.

நவம்பர் 3

போர்டு தீர்மானம். இனி எந்த ரோட்டிலும் வெட்டவும் வேண்டாம், ஒட்டுப்போடவும் வேண்டாம். பள்ளம் விழுந்தால் அப்படியே கிடக்கட்டும்.

"தொட்டாத்தான பொறுப்பு?" என்கிறார் அண்ணாச்சி.

இதற்கா நான் கூண்டில் ஏறினேன்?

1948 டிசம்பர் 1

அதே ரோடு, உப்பளத் திருப்பம். சைக்கிளில் மீன் விற்கும் ஜேசுபாதம் விடியுமுன் பள்ளத்தில் விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனார். பெரியதாழையிலிருந்து வந்து குடியேறிய மனிதர். அந்தப் பள்ளத்தை மூட வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டிருந்தேன்.

அவர் மனைவி ஞானபாக்கியம் என்னைத் தேடி வந்தாள். "அய்யா, மாசானத்துக்குச் சொன்னீயளே. எனக்கும் வெட்டுன பள்ளம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

போய்க் குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒழுங்கே இல்லை. அடியில் ஜல்லியெல்லாம் அரித்துப் போயிருக்கிறது. மண்வெட்டி பட்ட தடம் ஓர் இடத்திலும் இல்லை. இருக்கக்கூடாதா என்று தேடினேன்.

"விழுந்த பள்ளம்தாம்மா."

"விழுந்ததுன்னா? விழுந்தத மூடாமப் போட்டது ஆரு?"

கோர்ட்டில் அதைக் கேட்க மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அவள் போய்விட்டாள்.

டிசம்பர் 4

உப்பளத் திருப்பத்தில் பள்ளத்தின் ஓரமாக யாரோ கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்களாம். அண்ணாச்சி கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏலே, நம்ம ஆளா நட்டது? போர்டு ஆளு தொட்டான்னா பொறுப்பு நம்ம தலையில வந்து விடியும்லா."

"நம்ம ஆளு இல்ல அண்ணாச்சி." அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

என் சர்வே கம்புக்கு வேறு சிவப்புக் கொடி வாங்க வேண்டும்.