இன்றைக்கு எத்தனை பெல்?

என் அருமை அப்பா,

இப்போதுதான் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினேன். நீங்கள் எனக்காகக் காத்திருக்கும் இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக் காரை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், இருந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நம் கார் வீட்டு வாசலில் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

கோலாலம்பூரில் காலை ஷிப்டு முடித்து ரயிலில் வந்து நான் காரில் ஏறியதும், ரேடியோவை அணைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பீர்கள். "மிஸ்ஸி, இன்னைக்கு எத்தனை பெல் லா?" நோயாளிகள் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரியே பெற்ற மகளையும் மிஸ்ஸி என்பீர்கள். நானும் வீடு வரும்வரை கொட்டித் தீர்ப்பேன். தலையணையைத் திருப்பிப் போடக் கட்டிலிலிருந்து ஒரு பெல், ஃபேனைக் குறைக்க ஒரு பெல். அதிலும் இரண்டு மணிக்கு, அடுத்த ஷிப்டிடம் கட்டில் கட்டிலாக ரிப்போர்ட் ஒப்படைக்கிற நேரத்தில் அடிக்கிறார்களே, அவர்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்பேன். நீங்கள் "பாவம் புள்ள" என்பீர்கள். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கால் வீங்கி உங்களை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். விழக்கூடியவர் என்று அதற்கு அர்த்தம். நீர் மாத்திரை கொடுத்தால் அடிக்கடி பாத்ரூம் போகவேண்டி வரும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். என் வார்டில் எத்தனை குடும்பங்களுக்கு இதைச் சொல்லியிருப்பேன்! கட்டிலைத் தாழ்த்தினேன். வழுக்காத செருப்பு வாங்கி வந்தேன். பெல் ஒயரை உங்கள் கைக்கு எட்டும்படி கட்டில் கம்பியில் சுற்றிவிட்டு, தனியாக எழுந்திருக்கக் கூடாது, அழுத்திக் கூப்பிட வேண்டும் என்றேன். தலையாட்டினீர்கள். பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் முடிந்தது என்று காவலாளி விரட்ட, கிளம்பினேன். மணி இரண்டு.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது வார்டுக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஏதோ சாமான் என்று நினைத்தேன் அப்பா. லிஃப்டில் ஏறிவிட்டேன்.

தலையில் அடிபட்டு ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வார்டு நர்ஸ்களோடு நான் போட்ட சண்டை உங்களுக்குத் தெரியாது. பெல் அடித்தால் ஓடி வர மாட்டீர்களா என்று கத்தினேன். அவர் அடிக்கவே இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜவுளிக்கடைக்கார பாய் ஒருவர் இருந்தாரே, உங்கள் சாமான்களை எடுக்கப் போன அன்று அவர் என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பா பெல்லைக் கையில எடுத்தாரும்மா. அப்புறம் வச்சிட்டாரு. நான் அடிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம் பாய், இது ரிப்போர்ட் கொடுக்கிற நேரம், என் மகளும் நர்ஸுதான், பாவம் புள்ளைங்க முடிக்கட்டும்னுட்டு, பாத்ரூம் போகத் தானே எழுந்துட்டாரு."

இதைத் தம்பியிடம்கூட நான் சொல்லவில்லை. என் வாய்தான் உங்களை விழவைத்தது. யாரிடம் போய் அழுவேன்?

வேலைக்குத் திரும்பிவிட்டேன். விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று புதிதாகச் சேர்கிற நோயாளிகளுக்கு விளக்குகிற வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து ஒப்பிக்கிறேன். பெல்லை அழுத்துங்கள் என்ற வரி வந்தால் அட்டையை அவர்களிடமே நீட்டி வாசிக்கச் சொல்கிறேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று ஓர் அம்மா நான்காவது முறை அடித்தபோது, "ஐயோ, மறுபடியுமா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெல்லைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார். அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "அடிங்கம்மா. ரெண்டு மணிக்கும் அடிங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதிலெல்லாம் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை அப்பா. நீங்கள் அழுத்தியிருந்தால் வந்திருப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டாவது வந்திருப்பார்கள். திட்டிக்கொண்டே நானும் ஒவ்வொரு பெல்லுக்கும் போனேனே. காரில் அவ்வளவு பேசினேன், அதை மட்டும் ஏன் உங்களிடம் சொல்லாமல் விட்டேன்?

இன்றைக்கு எத்தனை என்று கேட்பீர்கள். எண்ணவில்லை அப்பா. இனி எண்ண மாட்டேன், சத்தியம்.

உங்கள் மகள்,
மிஸ்ஸி