தவறிட்டார் என்று சொன்னோம்

பின்னேரம் மேரி அக்கா வீட்டு ரீவியில் அந்தப் பாட்டுத் தொடங்கிவிட்டது. "எந்தக் கதவு, எந்தக் கதவு" என்று குட்டிப் பேய் பாடுகிறது. எங்கள் வீட்டு ரீவியின் வயரை நான் கழற்றி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது தகர வேலிதானே, பாட்டு நேரே குசினிக்குள் வருகிறது. மகள் வேலிக்கரையில் நின்று கேட்கிறாள். நான் ரொட்டிக்கு மா குழைத்த கையோடு நின்றேன். மா வாசமும் அந்தப் பாட்டும் ஒன்றாக வந்தால் எனக்குப் பிறகு வேலை ஓடாது. கையைக் கழுவிவிட்டு உங்களுக்கு எழுத இருந்துவிட்டேன்.

அந்தச் சிறுவர் நிகழ்ச்சியை முதலில் பிடித்துக்கொண்டவர் நீங்கள்தான். இந்த வயதுப் பிள்ளைக்குப் பேய் எதற்கு என்று நான் ஏசினேன். "இஞ்சரப்பா, இது கடிக்கிற பேய் இல்லை. எங்கட பூனையை விடப் பயந்தது" என்றீர்கள். அது உண்மைதான். பழைய பங்களா ஒன்றில் தனியே இருக்கும் வெள்ளைக் குட்டிப் பேய். ஒவ்வொரு நாளும் அங்கே ஏதாவது காணாமல் போகும். ஒருநாள் தொப்பி, ஒருநாள் நிலா, ஒருநாள் யாரோ ஒரு கிழவனின் தும்மல். பேய் கதவு கதவாகத் திறந்து தேடும். உள்ளே இருட்டாக இருக்கும், ஏதாவது கிறீச்சிடும், மகள் உங்கள் சாரத்துக்குள் முகத்தைப் புதைப்பாள். கடைசிக் கதவைத் திறந்தால் காணாமல் போனது அங்கே இருக்கும். ஒருநாளும் இல்லாமல் இருந்ததில்லை.

நீங்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். சந்தைக்குப் பின்னால் உள்ள ஸ்டோரில் மா மூட்டை இறக்கிவிட்டு, தலை, புருவம், கை மயிர் எல்லாம் வெள்ளையாகப் படலையில் வந்து நிற்பீர்கள்.

"ஊஊ... இந்த வீட்டில ரொட்டி தின்னுற பிள்ளை ஒண்டு இருக்காமே?"

அவள் கத்திக்கொண்டு ஓடிப்போய் அலுமாரிக்குள் என் சாறிகளுக்குப் பின்னால் நிற்பாள். கால் இரண்டும் வெளியில் தெரியும். நீங்கள் அரிசிப் பானையைத் திறந்து "இதுக்குள்ள இல்லை" என்பீர்கள். சீனிப் போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள மூக்கு மட்டும்தான் கொள்ளும்" என்பீர்கள். பிறகு என்னிடம் வந்து, "இஞ்சரும், உம்மட காதுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ?"

"மாவைக் கொட்டாம அங்கால போங்கோ. இப்பதான் கூட்டினனான்."

அலுமாரிக்குள் சிரிப்புக் கேட்கும். சிரித்தால் பிடிபட்டது, அதுதான் உங்கள் இருவருக்கும் சட்டம். நீங்கள் கிணற்றடியில் குளித்துவிட்டு வர, "மாப் பேய் போட்டுது, அப்பா வந்திட்டார்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்வாள். அவளுக்கு அது இரண்டு ஆள்.

அன்றைக்கு ஸ்டோரில் நெஞ்சு நோகிறது என்று மூட்டையில் சாய்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. பிள்ளை பயந்துவிடும் என்று அவளை மேரி அக்கா வீட்டில் இருத்தினோம். இங்கே பறை அடித்தது, அங்கே ரீவி ஓடியது. வந்தவர்கள் எல்லாரும் அவளின் தலையைத் தடவி ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "அப்பா தவறிட்டார், குஞ்சு." நானும் அதையே சொன்னேன். செத்துப்போனார் என்று வாய் வருமா? எங்கள் ஆட்கள் மரியாதைக்குச் சொல்லும் சொல் அதுதானே.

சில நாள் போன பிறகு, நான் உடுப்புத் தோய்க்கும்போது வந்து கேட்டாள்:

"அம்மா, அப்பாவை எங்க தவறவிட்டனீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை.

"குடையை பஸ்ஸில தவறவிட்டனீங்கள் எல்லோ. அப்பாவையும் பஸ்ஸிலயோ?"

அன்றைக்குத் தொடங்கியது. அலுமாரியைத் திறப்பாள். கட்டிலுக்குக் கீழே பார்ப்பாள். மேரி அக்காவின் கக்கூஸ் கதவு, நேசரியில் ரீச்சரின் பெட்டி, எதையும் விடவில்லை. ஆள் இல்லையென்றால் அழவும் மாட்டாள். "இது கடைசிக் கதவு இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விடுவாள். அழுதிருந்தால் தூக்கி வைத்திருப்பேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வது? "நல்ல கற்பனை உள்ள பிள்ளை அம்மா, விளையாடட்டும், தானா விடும்" என்றா ரீச்சர். நான் வீட்டுக்கு வந்து ரீவி வயரைக் கழற்றினேன்.

மேரி அக்காவை உங்களுக்குத் தெரியும். அவவின் மனிசன் சண்டைக் காலத்தில் கட்டைபறிச்சானுக்கு ஒரு அலுவலாகப் போனவர். அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இன்றைக்கும் அவ முன்கதவுக்குக் கொக்கி போடுவதில்லை. அவ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா:

"என்னடி, வயரைக் கழட்டினாச் சரியோ? பிள்ளை ரீவியாலயோ தேடுது?"

"அப்ப நான் என்னத்தையக்கா சொல்ல?"

"எனக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமெல்லோ. கண்டனி, தொட்டு அழுதனி. பிறகென்ன? பிள்ளையை என்னைப்போலக் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்க விடாத."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே வந்து பானையைத் தேய்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துவிட்டுப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. அலுமாரியைப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். கூப்பிட்டேன். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. படலையைத் தள்ளிக்கொண்டு றோட்டுக்கு ஓடினேன்.

சந்தைப் பக்கம் கடைகள் எல்லாம் பூட்டு. ஸ்டோரின் பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். காலில் ஒரு செருப்பு மட்டும்.

"அப்பா, நான் கண்டுபிடிச்சிட்டன். சிரிச்சுப்போட்டு வெளியில வாங்கோ."

என்னைக் கண்டதும், "சத்தம் போடாதேங்கோ அம்மா, அவர் சிரிக்கிறாரோ எண்டு கேக்கிறன்" என்றாள்.

நான் அந்தப் படியில் இருந்துவிட்டேன். துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது. பிறகு அவளை மடியில் இழுத்து வைத்துச் சொன்னேன்.

"அப்பா ஒளிக்கேல்லை, குஞ்சு. நான் அவரைத் தவறவிடவும் இல்லை. அப்பா செத்துப்போனார்."

"ஏன்?"

"நெஞ்சு நிண்டுட்டுது. மூச்சு வரேல்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டார்."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பேயாவும் வரமாட்டாரோ?"

இந்த ஒரு கேள்விக்கு "வருவார்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். சொல்லியிருந்தால் அன்றைக்கு அவளோடு நானும் அந்தக் கதவடியிலேயே இருந்திருப்பேன்.

"வரமாட்டார்" என்றேன்.

இரும்புக் கதவின் கறள் ஒட்டிய கையால் என் நெஞ்சில் அடித்தாள். பொய், பொய் என்று அடித்தாள். பிறகுதான் அழுதாள். உங்களுக்காக அவள் அழுத முதல் அழுகை அது. தூக்கிக்கொண்டு நடந்தேன். மேரி அக்கா எங்கள் படலையில் நின்றா. போய் அந்த மற்றச் செருப்பைத் தேடி எடுத்துவந்து வாசலில் வைத்தா.

அதற்குப் பிறகு அவள் ஒரு கதவையும் திறக்கவில்லை. விளையாட்டும் நின்றுவிட்டது. நேசரியில் "என்ர அப்பா செத்தவர்" என்று எல்லாருக்கும் சொல்கிறாளாம். மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இப்படி நேரே சொல்லலாமா என்று ரீச்சர் கேட்டா. நீங்கள் இருந்திருந்தால் இதையும் பானை மூடியைத் திறந்து மூடி, அவள் தாங்கும் மாதிரி ஏதாவது செய்து சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது ஏலாது. எனக்கு வந்தது நேரே சொல்வதுதான். அவளின் சிரிப்பை நான்தான் எடுத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் மனம் கிடந்து அடிக்கிறது.

இப்போது வேலிக்கரையிலிருந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"ஆருக்கு எழுதுறீங்கள்?"

"அப்பாவுக்கு."

கடதாசியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் படியில் இருந்து சொன்ன அதே குரலில், மெல்லச் சொன்னாள்:

"அம்மா, அப்பா செத்துப்போனவர். நாளைக்கும் வரமாட்டார்."

"ஓம், குஞ்சு."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

அவள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி இருந்தாள். "அப்ப எனக்கு வாசியுங்கோ."

வாசிக்கத்தான் போகிறேன். கிணற்றை எட்டிப் பார்த்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பேன். அது உங்களுக்கு எழுதியது.