ரத்தத்தில் ஒன்றும் இல்லை

18 டிசம்பர் 1990, செவ்வாய்
காலையில் ஆஸ்பத்திரி. குரோன் நோய் என்று எனக்குப் பெயர் வைத்து இரண்டு வருஷமாகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணும் வீக்கமும். டாக்டர் ராதாகிருஷ்ணன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சிரித்தார். "ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் நார்மல். குடல்ல வீக்கம் இருந்தா இது ஏறும். உங்களுக்கு நல்லா இறங்கிடுச்சு." சாப்பிட்டால் வலது அடிவயிறு முறுக்குகிறதே என்றேன். "மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

தங்கமணி அங்கேயே கும்பிட்டாள். ரத்தம் சரியானால் தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் என்று நேர்ந்திருக்கிறாளாம். தூக்கப்போவது நான். கட்டின புருஷனை ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?

27 டிசம்பர்
வலி.

4 ஜனவரி 1991
டாக்டர் கொடுத்த இரண்டு நாள் எம்.சி. லீவு முடிந்து ஆபீஸ் போனேன். "ரிப்போர்ட்தான் ஓகேலா, இன்னும் என்ன வயித்தப் புடிச்சிக்கிட்டு?" என்றான் ஜெயராஜ். ரயில்வே கணக்குப் பிரிவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கழிவறையில் போய்க் குனிந்து நின்றேன்.

13 ஜனவரி
விரதம். பால்குடம் தூக்கும்வரை ஒரு வேளைதான் சாப்பாடு. முருங்கைக்கீரை, மொச்சை, தேங்காய்த் துருவல். வயிறு மத்தளமாக உப்பிக்கொள்கிறது. முடியவில்லை என்று சொன்னேன்.

"ரத்தமே சரின்னு டாக்டரு சொல்லிட்டாரு. விரதத்துக்குப் பயந்துகிட்டு வலி வலிங்கிறீங்க. சாமி விஷயம்ங்க, விளையாடாதீங்க."

வந்ததே எனக்குக் கோபம்! தட்டைத் தள்ளினேன். அப்புறம் இழுத்துச் சாப்பிட்டேன். நான் பொய்யா சொல்றேன்? தாள்ல இல்லாத வலி எங்கேர்ந்துடா வருது — நானே கற்பனை பண்ணிக்கிறேனோ?

22 ஜனவரி
விடிந்ததிலிருந்து வாந்தி, பச்சையாக. காற்றுகூடப் பிரியவில்லை. தங்கமணி ஓமத் தண்ணீர் தருகிறாள்.

28 ஜனவரி, ஆஸ்பத்திரி
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. குடல் அடைப்பு. வாந்தி எடுத்த அன்றே வெட்டி ஒரு சாண் குடலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "சிறுகுடல்ல வியாதி இருந்தாலும் சில பேருக்கு ரத்தத்துல தெரியாது. புண்ணு ஆறித் தழும்பாகி உள்ள சுருங்கிப் போனாலும் தெரியாது. நீங்க வலின்னு சொன்னப்பவே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கணும். கீரை, மொச்சையெல்லாம் அந்தச் சுருக்கத்துல போய் அடைச்சிடுச்சு. திரும்பவும் வரலாம், பார்த்துக்கணும்."

தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை. என் வலி நிஜந்தான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டாரே — அதற்குத்தான் அழுதேன். தையல் இழுத்தது.

30 ஜனவரி, தைப்பூசம்
கஞ்சித் தண்ணீர், நாலு கரண்டி. தங்கமணி கோயிலுக்குப் போகவில்லை.

9 அக்டோபர்
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டும் நார்மல். சாயந்தரம் தங்கமணியிடம் நீட்டினேன். வாங்கிப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டுச் சோறு போட்டாள். நாலாவது வாயில் என் கை நின்றதைப் பார்த்துவிட்டாள்.

"வலிக்குதாங்க?"

"லேசா."

அடுப்பை அணைத்தாள். மாற்றுச் சட்டையைப் பையில் வைத்துவிட்டு டாக்ஸி பிடிக்கப் போயிருக்கிறாள். பழைய இடத்தில்தான் வலிக்கிறது.